கேமரா முன்னால் சொன்ன சம்மதம் எவ்வளவு தூரம் செல்லும்?

இளவேனில்:
சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில், தேசியக் காவற்படைக்காக 1914-ல் கட்டி முடிக்கப்பட்ட ஆர்மரி என்ற கோட்டை போன்ற கட்டிடத்தை, வயதுவந்தோர் பட இணையதளமான கிங்க்.காமின் நிறுவனர் பீட்டர் ஆக்வொர்த் 2006 இறுதியில் 1.45 கோடி டாலருக்கு வாங்கியபோது, அக்கம்பக்கத்தார் வாசலில் நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பிறகு பத்தாண்டுகள் அங்கேதான் பிடிஎஸ்எம் படங்கள், அதாவது கட்டிவைத்தல், அடக்கி ஆளுதல், வலி ஆகியவற்றில் இன்பம் தேடும் பாலுறவுப் படங்கள், எடுக்கப்பட்டன. வயதுவந்தோர் படத்துறையில் சம்மதத்தை வெறும் கையெழுத்தாக விடாமல் நடைமுறையாக மாற்றியது இந்தப் பிரிவுதான் என்பது என் கட்சி. எதற்கு உடன்பாடு, எதற்கு இல்லை என்று நடிகை முன்கூட்டியே ஒரு பட்டியலை நிரப்புகிறார். நிறுத்துவதற்கென்று ஒரு சொல்லைப் பேசிவைத்துக்கொள்கிறார்கள். வாய் கட்டப்பட்டிருந்தால், கையில் பிடித்திருக்கும் பொருளைக் கீழே போட்டாலே எல்லாம் நிற்க வேண்டும். முடிந்ததும் அவரிடம் எடுக்கும் பேட்டி படத்தோடு சேர்ந்தே வெளியாகிறது.

மாறன்:
அந்தப் பேட்டியைத்தான் நான் நம்பவில்லை. கேள்வி கேட்பவரும் சம்பளம் கொடுப்பவரும் ஒரே தரப்பாக இருக்கும்போது, "இன்று தாங்க முடியவில்லை" என்று சொல்லும் நடிகைக்கு அடுத்த அழைப்பு எங்கிருந்து வரும்? மேலும், அவர் சிரித்துக்கொண்டே முடிக்கும் அந்த இரண்டு நிமிடம், பார்த்தவரின் உறுத்தலைத் துடைத்துவிட்டு அடுத்த மாதச் சந்தாவைக் கட்ட வைக்கிறது. பாதுகாப்பு ஏற்பாடு என்று நீங்கள் சொல்வது விற்பனைச் சரக்கில் ஒரு பகுதி.

கதிரேசன்:
இருவரும் அடிப்படையை விட்டுவிட்டீர்கள். வலியில் இன்பம் தேடுவது நோய். நோயாளி கொடுக்கும் சம்மதத்துக்கு என்ன மதிப்பு?

இளவேனில்:
கதிரேசன் ஐயா, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டின்படி, இத்தகைய விருப்பம் மட்டுமே நோயாகாது. அது அவருக்கே துன்பம் தந்தாலோ, உடன்படாதவர் மீது திணிக்கப்பட்டாலோதான் நோய். அதே ஆண்டு நெதர்லாந்தில் பிடிஎஸ்எம் ஈடுபாடுள்ள 902 பேரையும் மற்றவர்கள் 434 பேரையும் ஒப்பிட்ட ஆய்வில், முன்னவர்களிடம் பதற்றக் குணம் குறைவாகவும் மனநிறைவு கூடுதலாகவும் காணப்பட்டன.

மாறன், சமையலறையைக் கண்ணாடி வைத்துக் காட்டும் ஓட்டல்காரரும் வியாபாரத்துக்காகத்தான் காட்டுகிறார். அதனால் பாத்திரம் கழுவப்படவில்லை என்று ஆகிவிடுமா?

மாறன்:
அந்த ஆய்வு விருப்பத்தால் ஈடுபடுகிறவர்களைப் பற்றியது. வாடகை கட்டுவதற்காக ஒரு நாள் படப்பிடிப்புக்கு வருகிறவரைப் பற்றியது அல்ல. தன் வீட்டில், தான் தேர்ந்த துணையிடம் 'நிறுத்து' என்று சொல்வது வேறு; விளக்கும் ஆட்களும் காத்திருக்க, மணிக்கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் சொல்வது வேறு. சம்பளமும் சங்கடமும் சேர்ந்து நாக்கைக் கட்டும். கண்ணாடிக்குப் பின்னால் நடந்ததாகச் சொல்லப்பட்டவையும் உண்டு: 2015-ல் முன்னணி நடிகர் ஒருவர் மீது பல பெண்கள் பாலியல் அத்துமீறல் குற்றம் சாட்டினார்கள், அவர் மறுத்தார், கிங்க் அவரோடு உறவை முறித்துக்கொண்டது. பட்டியலும் நிறுத்தச்சொல்லும் அப்போதும் இருந்தன.

சட்டமும் இந்தச் சம்மதத்தை முழுதாக ஏற்கவில்லை. கலிஃபோர்னியாவிலேயே, 1967-ல், தானே எடுத்த கட்டிவைத்து அடிக்கும் படச்சுருளுக்காக சாமுவெல்ஸ் என்பவர் மீது நடந்த வழக்கில், கடுமையான தாக்குதலுக்குச் சம்மதம் எதிர்வாதமாகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, 1993-ல் பிரவுன் வழக்கில் மூன்றுக்கு இரண்டு என்ற நீதிபதிகளின் பெரும்பான்மையில் அதையே சொன்னது.

இளவேனில்:
பிரவுன் வழக்கில் பாதிக்கப்பட்டதாகப் புகார் கொடுத்தவர் ஒருவர்கூட இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். போலீஸ் கையில் சிக்கிய வீடியோவை வைத்து, தனியறையில் உடன்பட்டுக் கூடிய ஆண்களைச் சிறைக்கு அனுப்பிய தீர்ப்பை நடிகைகளின் பாதுகாப்புக்குச் சான்றாகக் கொண்டுவருவது எனக்கு விசித்திரமாகப் படுகிறது. 2015 பற்றி நீங்கள் சொன்னது கனமானது. அதற்கு விதிகளை இறுக்க வேண்டும், விதிகளையே நாடகம் என்று தள்ளக்கூடாது.

உண்மையில் இன்று சம்மதத்துக்கு வரையறை எழுதுவது நீதிபதியும் அல்ல, மனநல மருத்துவரும் அல்ல. படத்தில் தோன்றும் ஒவ்வொருவரின் வயதுக்கும் சம்மதத்துக்கும் ஆவணம் இருந்தால்தான் பணம் கைமாறும் என்று 2021-ல் மாஸ்டர்கார்டு வைத்த நிபந்தனைக்கு, எந்தத் தீர்ப்பையும்விட வேகமாக இந்தத் துறை பணிந்தது. பணம்தான் இந்தத் துறையை நகர்த்துகிறது என்பதற்கு இன்னொரு சான்று: இலவச வீடியோ தளங்கள் சந்தா வருமானத்தை அரித்த பின், 2017 தொடக்கத்தில் கிங்க் ஆர்மரியில் படப்பிடிப்பை நிறுத்தி, மறு ஆண்டு அதை 6.5 கோடி டாலருக்கு விற்றது.

மாறன்:
ஆவணம் வங்கியைக் காப்பாற்றும். படப்பிடிப்பு நடுவே மனம் மாறியவரைக் காப்பாற்றாது. 2018-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான எச்பிஓ தன் தொடர்களின் நெருக்கக் காட்சிகளுக்கென்று தனி ஒருங்கிணைப்பாளரை வைத்தது. அதுபோல, தயாரிப்பாளருக்குக் கட்டுப்படாத ஒருவர் தளத்தில் நிற்கட்டும். நிறுத்தினாலும் அன்றைய சம்பளம் முழுதாக உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதட்டும். அதன்பின் உங்கள் பேட்டியை நம்புகிறேன்.

இளவேனில்:
சம்பள நிபந்தனைக்கு நானும் கை தூக்குகிறேன். ஆனால் அந்த ஒருங்கிணைப்பாளருக்கும் சம்பளம் கொடுப்பவர் தயாரிப்பாளர்தானே?

மாறன்:
ஆம். ஆனால் ஹாலிவுட்டில் நடிகருக்குப் பின்னால் சாக்-ஆஃப்ட்ரா தொழிற்சங்கத்தின் கூட்டு ஒப்பந்தம் நிற்கிறது. இந்தத் துறையில் அப்படி ஒப்பந்தம் போடும் வலுவுள்ள சங்கம் இல்லை. நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.