மெர்வ் 13 வடிகட்டி போட்டபின் ஃபர்னஸ் பாதியில் நின்றுவிடுகிறது

கேள்வி:
வணக்கம். மகளுக்குத் தூசு ஒவ்வாமை இருப்பதால், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸில் இதுவரை போட்டுவந்த 1 அங்குலத் தடிமனுள்ள மெர்வ் 8 காற்று வடிகட்டியை (மெர்வ் எண் கூடக் கூட இன்னும் நுண்ணிய தூசையும் பிடிக்கும்) எடுத்துவிட்டு, அதே அளவில் மெர்வ் 13 வடிகட்டியைப் பொருத்தினேன். அன்றிலிருந்து, தெர்மோஸ்டாட்டில் வைத்த வெப்பநிலை எட்டுவதற்கு முன்பே பர்னர் அணைந்து, விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. சற்று நேரம் கழித்து மீண்டும் எரிகிறது. வடிகட்டி புதியது, அடைப்பு ஏதும் இல்லை. மகளின் மூச்சுக்காகச் செய்த மாற்றத்தைக் கைவிட மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
நீங்கள் சொல்லும் அறிகுறிகள் காற்றோட்டம் குறைந்திருப்பதையே காட்டுகின்றன. பர்னரின் சூட்டைக் காற்றுக்குக் கடத்தும் வெப்பப் பரிமாற்றியின் மீது போதிய காற்று ஓடாதபோது அதன் சூடு ஏறிக்கொண்டே போகும். எல்லை தாண்டியதும் லிமிட் ஸ்விட்ச் பர்னரை அணைத்துவிட்டு, சூடு தணியும் வரை விசிறியை ஓடவிடும். இது பாதுகாப்புக்கான ஏற்பாடுதான். ஆனால் அந்த நிலையிலேயே நாள்கணக்கில் ஓட்டினால் பரிமாற்றியில் விரிசல் விழலாம். விழுந்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் கசியும் அபாயம் உண்டு. ஆகவே இன்றே மெர்வ் 8-க்குத் திரும்புங்கள். அதன் பின்னும் நின்றால் தொழில்நுட்பரை அழைப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

மறுமொழி 2:
மேலே உள்ளவர் சொன்னது சரி. மகளுக்கான வழி இதனால் அடைபட்டுவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். மெர்வ் 8 வடிகட்டி, 3 முதல் 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையுள்ள துகள்களில் குறைந்தது 70 சதவீதத்தைப் பிடிக்கும். 1 மைக்ரானுக்கும் குறைந்த நுண்துகள்களில், அதாவது புகை போன்றவற்றில், பாதியையேனும் பிடிப்பதுதான் மெர்வ் 13-இன் சிறப்பு. அது தேவையென்றால் 4 அங்குல வடிகட்டிக்கான பெட்டியைப் பொருத்தச் சொல்லுங்கள். ஆழமான மடிப்புகளால் பரப்பு பெருகுவதால், அதே மெர்வ் 13 காற்றை வெகு குறைவாகவே தடுக்கும். பொருத்துவதற்கு முன்னும் பின்னும் காற்று செல்லும் குழாயில் அழுத்தத்தை அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். கண்ணால் பார்த்துச் சொல்லும் கணிப்பு போதாது.

கேட்டவர்:
மெர்வ் 8-ஐப் போட்டதும் ஃபர்னஸ் நிற்காமல் ஓடுகிறது. மிக்க நன்றி. பெட்டி மாற்றும்வரை இதை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது?

மறுமொழி 2:
1 அங்குல வடிகட்டியை மாதம் ஒருமுறை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவவில்லை என்றால் மாற்றிவிடுங்கள், எப்படியும் 3 மாதத்தைத் தாண்ட விடாதீர்கள். 4 அங்குலம் 6 முதல் 12 மாதம் வரை வரும். மாற்றும்போது ஃபர்னஸை அணைத்துவிட்டு, சட்டத்திலுள்ள அம்புக்குறி விசிறியை நோக்கி இருக்கும்படி வையுங்கள். விளிம்பில் இடைவெளி இருந்தால் காற்று அதன் வழியாகவே வடிகட்டப்படாமல் போய்விடும் என்பதால் அதையும் கவனியுங்கள்.