நாய்க்கு டயபர் போட்டவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

வாசல்திண்ணை:
எங்கள் லாப்ரடாருக்குக் கருத்தடை ஆகிச் சில வருடங்களில் தூக்கத்தில் சிறுநீர் கசிய ஆரம்பித்தது. விழித்திருக்கும்போது ஒரு சொட்டு வராது, அயர்ந்து படுத்தால் படுக்கை நனைந்துவிடும். டயபர் போட்டோம். தரை காய்ந்திருந்தது, மெத்தை காய்ந்திருந்தது, நாற்றமும் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஒரு நாள் காலை கழற்றும்போது சட்டென்று திரும்பி என் மணிக்கட்டில் பல்லை வைத்தாள். கடிக்கவில்லை, வைத்தாள், அவ்வளவுதான். குட்டியிலிருந்து யாரையும் பார்த்து உறுமாதவள். வாலைத் தூக்கிப் பார்த்தால் தொடை இடுக்கில் முடி கொட்டி, தோல் வெந்ததுபோல் சிவந்து கிடக்கிறது. டயபர் ஈரத்தை வாங்கிக்கொள்கிறது என்கிறோம். வாங்கி எங்கே வைக்கிறது? அவள் தோலுக்குப் பக்கத்திலேயேதான். அந்தப் பார்வை இன்னும் என்னை விடவில்லை.

மூன்றாம்படி:
ஆண் நாய் என்றால் முழு டயபரே வேண்டாம், வயிற்றைச் சுற்றிக் கட்டும் பெல்லி பேண்ட் என்ற துணிப் பட்டி போதும். எங்கள் ஆள் புதுப் பொருள் எதைப் பார்த்தாலும் காலைத் தூக்குவான். உறவினர் ஒருவர் தன் பையைக் கூடத்தில் வைத்ததும் நேராகப் போய்த் தூக்கினான். நாங்கள் கத்துவதற்குள் முடிந்தே போனது. ஓடிப்போய்த் தடவிப் பார்த்தால் பையில் ஈரமே இல்லை. பட்டிக்குள் வைத்திருந்த சானிட்டரி நாப்கின் அத்தனையையும் பிடித்துக்கொண்டது. ஆனால் இது அடையாளம் வைக்கும் அந்தக் கொஞ்சத்துக்குத்தான் தாங்கும். சிறுநீர்ப்பை முழுவதையும் காலி செய்தால் பட்டி கனத்துப் பின்னால் சரிந்துவிடும். அப்புறம் போட்டும் போடாததுதான்.

நிலாமுற்றம்:
ஹீட் என்கிற இனச்சேர்க்கைப் பருவத்தில் பெண் நாய்க்கு டயபர் நல்லதுதான், சோபாவுக்கு. ரத்தக் கறைக்கு மட்டும்தான் அது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. முதல் ஒரு வாரம் பத்து நாள் ரத்தம் நன்றாக வரும், அப்போது ஆண் நாயைக் கிட்டே விடமாட்டாள். ரத்தம் வெளிற ஆரம்பிக்கும்போதுதான் அவளே இணங்கி நிற்பாள். நாம் "குறைந்துவிட்டது, முடியப்போகிறது" என்று கதவைக் கொஞ்சம் தளர்வாக விடுவதும் அப்போதுதான். கேட்டுக்கு வெளியே இருந்த தெருநாய் கம்பி வழியாக மூக்கை நுழைத்து, டயபரின் ஓரத்தைப் பல்லால் பிடித்து இழுத்ததைக் கண்ணால் பார்த்தேன். ஒட்டும் பட்டை ஒரே இழுப்பில் பிரிந்தது. டயபர் கருத்தடைச் சாதனம் இல்லை, தயவுசெய்து நம்பாதீர்கள்.

மூன்றாம்படி, உங்கள் ஆளுக்குக் கருத்தடை செய்துவிட்டால் அந்தக் கால் தூக்கும் பழக்கமே குறைய நிறைய வாய்ப்பு உண்டு. பட்டி கட்டிக்கொண்டே இருப்பது தீர்வா?

பழையகிணறு:
எங்கள் வயதான நாய்க்கு டயபர் போட்டோம், நன்றாகவே இருந்தது. ஆனால் வாசல்திண்ணைக்குச் சொல்ல வேண்டும். கருத்தடை செய்த பெண் நாய் தூங்கும்போது கசிந்தால், பெரும்பாலும் ஹார்மோன் குறைந்து சிறுநீர்க் குழாயின் பிடிப்பு தளர்ந்ததுதான் காரணம். பெரிய இன நாய்களுக்கு இது அதிகம். இதற்கு மாத்திரை இருக்கிறது, பல நாய்களுக்குக் கசிவு அப்படியே நின்றுவிடும். டயபர் வாங்குவதற்கு முன் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். தொற்று, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு எதுவாக இருந்தாலும் வெளியே தெரிவது ஒன்றுதான், ஈரம். தண்ணீர் வழக்கத்தைவிட அதிகமாகக் குடிக்கிறதா என்றும் கவனியுங்கள். கசிகிறதே என்று தண்ணீரைக் குறைக்கவே கூடாது. கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு ஹீட் முடிந்த சில வாரங்களில் டயபரில் சீழ் மாதிரி ஏதாவது இருந்தால் அது கருப்பைத் தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும்.

அடுத்து, மாற்றும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, நன்றாக உலரவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் போடாமல் விடுங்கள். அங்கே முடியைக் கத்தரித்து வையுங்கள். குழந்தைகளுக்குப் போடும் ஜிங்க் ஆக்சைடு கிரீம் வேண்டவே வேண்டாம். நக்கினால் வாந்தி எடுக்கும், நிறைய உள்ளே போனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். துணி டயபர் என்றால் துவைக்கும்போது சாப்ட்னர் ஊற்றாதீர்கள், உறிஞ்சும் தன்மை போய்விடும். நனையாவிட்டாலும் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

நான்குசக்கரம்:
பழையகிணறு சொல்வதெல்லாம் சரி, ஆனால் எல்லாக் கசிவும் மாத்திரையில் நிற்காது. எங்களுடையது டாக்ஸ்ஹண்ட். முதுகுத்தண்டு வட்டு நழுவிப் பின்னங்கால் இரண்டும் போய்விட்டன. வயிற்றை இரு பக்கமும் அழுத்தி நாங்களே சிறுநீரை வெளியேற்ற வேண்டும், டாக்டர் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். டயபர் அதற்கு மாற்று இல்லை. டயபர் நனைந்திருக்கிறது என்றால் சிறுநீர்ப்பை காலி என்று அர்த்தமில்லை, நிரம்பி வழிகிறது என்றும் இருக்கலாம். அதைத்தான் இங்கே யாரும் சொல்லவில்லை.

இன்னொரு சங்கடம், டயபர் நிற்காது. நாய்க்கு இடுப்பு ஒடுங்கியிருக்கிறது, மாட்டிக்கொள்ள இடமில்லை. இவன் தரையில் இழுத்துக்கொண்டு போகும்போது ஒவ்வொரு நிலைப்படியிலும் கழன்றுவிடும். ஒரு மாலை, கழன்ற டயபரை வாயில் கவ்விக்கொண்டு, முன்னங்கால்களால் ஊர்ந்து, நான் இருக்கும் அறைவரை கொண்டுவந்து என் காலடியில் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தான். அவனை அள்ளிக்கொண்டு அழுதேன். அதன் பிறகு டயபருக்கு மேல் குழந்தைகளின் பனியன் உடுப்பைத் திருப்பிப் போட்டு, பித்தான் முதுகுப் பக்கம் வரும்படி மாட்டினோம். நின்றது.

செம்பருத்தி_வேலி:
நான்குசக்கரம், வாயில் கவ்வினான் என்றதும் எனக்குப் பகீர் என்றது. எங்கள் குட்டிக்குக் குழந்தை டயபரில் வாலுக்கு ஓட்டை வெட்டிப் போட்டோம். வெட்டிய ஓரத்திலிருந்து உள்ளே இருக்கும் ஜெல் மணிமணியாகக் கொட்டும். ராத்திரி கூண்டுக்குள் பாதி டயபரைக் காணவில்லை, மூக்கிலும் மீசையிலும் வெள்ளை ஜெல். அந்தப் பொருள் ஈரத்தில் பல மடங்கு உப்பும், பஞ்சோடு சேர்ந்து குடலை அடைத்துவிடலாம். டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, இரவெல்லாம் கண்காணிப்பில் வைத்தார். பிழைத்தான். இப்போதும் வெட்டிப் போடத்தான் செய்கிறோம், ஆனால் ஓட்டையைச் சுற்றி டேப் ஒட்டாமல் போடுவதில்லை, பார்க்க ஆள் இல்லாத நேரத்தில் போடுவதே இல்லை. உங்கள் ஆளுக்கு அந்தப் பனியனுக்கு மேல் கழுத்தில் வாய் எட்டாமல் தடுக்கும் கூம்பும் தேவைப்பட்டதா, இல்லை உடுப்பு மட்டுமே போதுமாக இருந்ததா?

நான்குசக்கரம்:
உடுப்பு மட்டுமே போதும். வாய் எட்டவில்லை.