நிழலுக்கு வெளியே நின்ற மையம்

சுங்கை சிப்புட்டிலிருந்து:

செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது லைசோசைம் படிகத்தின் எக்ஸ்ரே படங்களைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். 180 படங்கள், படத்துக்கு அரை பாகை படிகத்தைச் சுழற்றி எடுத்தவை. ஒவ்வொன்றிலும் படிகம் சிதறடித்த கதிர்களின் புள்ளிகள். கோழிமுட்டை வெள்ளைக்கருவில் கிடைக்கும் இந்தப் புரதத்தில்தான் எங்கள் துறையில் பலரும் கை பழகுவார்கள். படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கியிருக்கும் பெட்டியான அலகுக்கூடு 79, 79, 37 ஆங்ஸ்ட்ராம், அந்த அடுக்கின் சமச்சீர் வகையைக் குறிக்கும் எண் 96. விடை தெரிந்த கணக்கு. இந்தப் படங்களை அலசும் எக்ஸ்டிஎஸ் மென்பொருளில் போட்டால் அரை மணியில் முடியும் என்று உட்கார்ந்தேன்.

மூன்று நாள் ஆனது.

ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் வரிசை எண்ணை இடும் ஐடிஎக்ஸ்ரெஃப் கட்டம் நல்லபடியாகவே முடிந்தது. புள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு எண் கிடைத்தது, கூட்டின் அளவும் சரி. ஆனால் கடைசியில் கரெக்ட் கட்டத்தில் 96ஐக் கொடுத்தால், அளவீடுகளின் முரண்பாட்டைக் காட்டும் ஆர்மியாஸ் 50 விழுக்காட்டைத் தாண்டியது. சமமாக இருக்கவேண்டிய புள்ளிகள் சமமாக இல்லை. படிகம்தான் கோளாறு என்று ஆய்வகத்துக்கு எழுதவும் இருந்தேன்.

அம்மா 30 வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் தோட்டத்தில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு எழும் பழக்கம் இன்னும் விடவில்லை. நாலரை மணிக்குத் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தவர் திரையைப் பார்த்தார்.

"என்னாம்மா இது, எல்லா எடத்துலயும் புள்ளியா இருக்கு, நடுவுல மட்டும் வெள்ளையா கெடக்கு?"

நேர்க்கதிர் டிடெக்டரில் படாமல் ஒரு சின்ன உலோகத் துண்டு தடுக்கிறது, அதன் நிழல்தான் அது, கதிரின் மையம் அதற்குள்ளேதான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே, கோப்பில் இருந்த மைய எண்களுக்குக் கர்சரை நகர்த்தினேன். அது நிழலுக்கு வெளியே போய் நின்றது.

வேறொரு ஓட்டத்தின் கோப்பை நகலெடுத்ததில் பழைய மையம் அப்படியே தங்கிவிட்டது. 20 பிக்செல் தள்ளி. செம்பு எக்ஸ்ரேயின் அலைநீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம், டிடெக்டர் 100 மில்லிமீட்டர் தூரத்தில், கூடு 79. அடுத்தடுத்த புள்ளிகளின் இடைவெளி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வருகிறது. எங்கள் டிடெக்டரில் அதுவும் 20 பிக்செல்தான்! பெரட்டில் ஒரு பேரை விட்டுவிட்டுக் கூப்பிட்டால் அடுத்தவர் பேர் எல்லார் தலையிலும் விழுமே, அப்படி. வரிசை பார்க்க ஒழுங்காக இருக்கும், ஒவ்வொரு எண்ணும் தப்பு.

மையத்தைத் திருத்தி ஓட்டினேன். ஆர்மியாஸ் 5 விழுக்காட்டுக்கு இறங்கியது.

இதில் என் மனதை அறுப்பது ஒன்றுண்டு. ஐடிஎக்ஸ்ரெஃப் எழுதும் எல்பி என்ற அறிக்கைக் கோப்பிலேயே, எண்ணத் தொடங்கும் இடத்தை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து ஒவ்வொன்றின் தரத்தையும் காட்டும் பட்டியல் இருக்கிறது. அதில் இரண்டாவது வரி முதல் வரிக்குக் கிட்டத்தட்ட ஈடாக நின்றது. இந்த மென்பொருளை எழுதிய வோல்ஃப்காங் காப்ஷ் இந்தத் தவறு நேரும் என்று எண்ணித்தான் அதை அச்சிட வைத்திருக்கிறார். தயவுசெய்து அந்தப் பட்டியலைப் படிக்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

கூலிமிலிருந்து:

பால்மரம் என்றதும் எனக்கும் ஒன்று நினைவுக்கு வந்தது. ரப்பர் கையுறைத் துண்டை எக்ஸ்ரேயில் வைத்துப் பார்த்திருக்கிறேன். சும்மா வைத்தால் மங்கலாக ஒரு வளையம். நன்றாக இழுத்துக் கட்டி வைத்தால் வளையத்தின் மேல் புள்ளிகளும் வில் வடிவங்களும் எழும்பி வரும். இழுத்தால் ரப்பர் படிகமாகிறது, 1925இல் காட்ஸ் என்ற விஞ்ஞானி கண்டது. ஆசையில் அதையும் எக்ஸ்டிஎஸ்ஸில் போட்டேன், எண்ணிடவே முடியவில்லை. அது ஒற்றைப் படிகத்துக்கான மென்பொருள். இழுத்த ரப்பரில் எண்ணற்ற குட்டிப் படிகங்கள் ஒரே திசையில் நீண்டு கிடக்கின்றன.

சுங்கை சிப்புட்டிலிருந்து:

அந்தப் படம் இருந்தால் போடுங்கள். அம்மாவுக்குப் பார்க்க வேண்டுமாம்.