செகண்ட் லைஃப் ஓர் இடமா, வெறும் படமா?

கடல்புறா: செகண்ட் லைஃபில் "வாழ்ந்தேன்" என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. 2003-இல் லிண்டன் லேப் நிறுவனம் வெளியிட்ட மென்பொருள் அது: திரையில் ஓர் உலகம், அதில் நமக்குப் பதிலாக உலவ "அவதாரம்" என்றோர் உருவம். உட்கார்ந்திருப்பது நாற்காலியில், பார்ப்பது திரையை. இதில் "அங்கே" எங்கே இருக்கிறது?

முல்லைக்கொடி: அப்படியானால் அவதாரங்கள் ஏன் விலகி நிற்கின்றன? நிக் யீ என்ற ஆய்வாளரும் சகாக்களும் செகண்ட் லைஃபிலேயே அளந்து, 2007-இல் வெளியிட்டார்கள். இரண்டு ஆண் அவதாரங்கள், இரண்டு பெண் அவதாரங்களைவிடத் தள்ளியே நின்றன. நெருங்கி நின்றவர்கள் முகத்துக்கு நேரே பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். மவுஸைப் பிடித்து யாரும் சொல்லித்தரவில்லை.

கடல்புறா: பழக்கதோஷம். மூளையைக் கேளுங்கள். நாம் எங்கே இருக்கிறோம் என்று குறிக்கும் செல்களை எலி மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் 1971-இல் காட்டியவர் ஜான் ஓ'கீஃப். அதற்கு 2014-இல் நோபலில் பங்கும் கிடைத்தது. லாஸ் ஏஞ்சலிஸில் மயங்க் மேத்தா குழு எலிகளை மெய்நிகர் அறையில் ஓடவிட்டபோது, அந்தப் பகுதியின் செல்களில் ஏறக்குறைய 60 சதவீதம் அடங்கிவிட்டன. எலிக்கே அது இடமாகத் தெரியவில்லை!

முல்லைக்கொடி: பாவம், அந்த எலியைப் பட்டை கட்டி ஒரு பந்தின்மேல் ஓடவிட்டார்கள். உடல் நகரவில்லை, வழியில் வாசனையும் இல்லை. அதோடு நான் பேசுவது மூளைக்குள் இருக்கும் வரைபடத்தைப் பற்றி அல்ல, இன்னொருவர் முன்னால் நிற்பதைப் பற்றி.

பழையசோறு: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். படமே இல்லாத உலகம் ஒன்று இருந்தது: லாம்டாமூ, முழுக்க எழுத்து. 1993-இல் ஒருவன் ஒரு நிரலை வைத்து, மற்றவர்களின் பாத்திரங்கள் பாலியல் செயல்களில் ஈடுபடுவதாகத் திரையில் எழுத்து வரவைத்தான். பாதிக்கப்பட்ட பெண் நிஜமாகவே அழுதிருக்கிறார். 2022-இல் மெட்டா தன் ஹொரைசன் வேர்ல்ட்ஸ் என்ற மெய்நிகர் உலகில் அவதாரங்களுக்கு இடையே சுமார் நான்கடி இடைவெளி வைத்ததும் இதே மாதிரிப் புகார்களுக்குப் பிறகுதான். இடமே இல்லையென்றால் இடைவெளி எதற்கு?

கடல்புறா: அந்தக் காவல் ஆளுக்கு, இடத்துக்கு அல்ல. தொலைபேசியில் திட்டினாலும் அழுகை வரும். அதற்காகத் தொலைபேசியை ஊர் என்போமா? சரி, "நான்" கொஞ்சம் அங்கே போகிறது, ஒப்புக்கொள்கிறேன். அதே யீயும் பெய்லன்சன் என்ற ஆய்வாளரும் செய்த சோதனையில் உயரமான அவதாரம் கிடைத்தவர்கள் பணம் பிரிக்கும் பேரத்தில் கறாராக இருந்தார்கள். அவ்வளவுதான்.

முல்லைக்கொடி: ஆள் போய்விட்டார், உயரமும் வந்துவிட்டது, பேரமும் நடந்தது. எங்கே நின்று பேசினாராம்?