பால் சொசைட்டித் திரையில் தமிழ் பிட்மேப்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பால் சொசைட்டிக்கு எடைத் திரை செய்து கொடுத்தேன். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் அங்கே பால் ஊற்ற வருகிறவர்களில் நிறையப் பேர் தமிழ்க்காரர்கள். லிட்டர், ஃபேட், தொகையோடு ஊற்றுகிறவர் பெயரும் தமிழில் வரவேண்டும் என்றார் செக்ரட்டரி. சின்ன சிப்பில் ட்ரூடைப் எழுத்துருவை (வடிவத்தை வளைகோடுகளாக வைத்திருக்கும் கோப்பு) அப்படியே ஓட்டுவது வீண் பாரம். வேண்டிய அளவில் பிட்மேப்பாக, அதாவது புள்ளிகளால் ஆன படமாக, மாற்றி ஏற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

எடுத்தது மீரா இனிமை. ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு தமிழுக்குச் செய்த எழுத்துரு, திறந்த உரிமம். எல்லைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்!

வழக்கமான மாற்றிகள் யூனிகோடு எண்ணைப் பார்த்துத்தான் படமெடுக்கின்றன. தமிழில் 'கு', 'டி'க்கெல்லாம் தனி எண் ஏது? 'கெ'யில் கொம்பு பின்னால் சேமிக்கப்பட்டு முன்னால் வரவேண்டும். அதனால் கணினியில், எழுத்துகளைச் சரியான வடிவங்களாக அடுக்கித் தரும் ஹார்ஃப்பஸ் மென்பொருளின் வடிவ எண்ணை, எழுத்துருவைப் புள்ளிப் படமாக்கும் ஃப்ரீடைப்பிடம் கொடுத்துப் படமெடுத்தேன். 247 எழுத்துக்கு 247 படம் தேவையில்லை. 18 மெய்க்கும் அகரம், புள்ளி, இ, ஈ, உ, ஊ என ஆறு வடிவம், ஆக 108. உயிர் 12, ஆய்தம், கால், மூன்று கொம்புகள் சேர்ந்தால் 125. ஔகாரக் குறிக்கு 'ள' படமே போதும். கிரந்தம் தனிக் கணக்கு.

சராசரி 24×24 புள்ளி என்று வையுங்கள். கறுப்பு வெள்ளை மட்டுமென்றால் ஓர் எழுத்துக்கு 72 பைட், எல்லாம் சேர்ந்து 9,000. விளிம்பை மழுப்ப 16 சாம்பல் நிலைகள் வைத்தால் 288 பைட், மொத்தம் 36,000. அர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையின் 32 கேபி நினைவகத்தில் இது அடங்காது, அதிக நினைவகம் உள்ள ஈஎஸ்பி32 சிப்புக்குப் போனேன். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து நோஞ்சானாகத் தெரிந்தது. திரையின் காமா, அதாவது கொடுத்த எண்ணை ஒளியாக்கும் வளைவு, பாதிச் சாம்பலைப் பாதிக்கும் மிகக் குறைவான ஒளியாகக் காட்டும். 16 நிலைக்கும் ஓர் அட்டவணை போட்டு ஒளியைக் கூட்டிவிட்டதும் சரியானது.

தொல்லை கொடுத்தது 16 புள்ளி அளவில் வந்த பெயர் வரிசை. 'கண்ணன்' வந்தபோது ஒரு பாட்டி, "தம்பி, பேரு மேல புழுதி படிஞ்ச மாதிரி இருக்குதுங்க" என்றார். உண்மைதான். 'ண'வின் சுழிகள் பக்கம் பக்கமாக நிற்கின்றன; அவற்றின் இடைவெளியைச் சாம்பல் நிரப்பிவிடுகிறது. ஃப்ரீடைப்பின் லைட் ஹின்டிங் மேல் கீழாக மட்டும்தான் கோடுகளைப் புள்ளி வரிசையில் பொருத்தும், பக்கவாட்டில் தொடாது. ஆகவே சின்ன அளவில் சாம்பலையே எடுத்துவிட்டு, ண, ன, ஞ, ஐகாரக் கொம்பு எல்லாவற்றையும் கையால் புள்ளி வைத்துத் திருத்தினேன். ண மட்டும் ஒரு புள்ளி அகலம் கூடியது, பரவாயில்லை.

மலையாளத்தில் தலைப்புச் சொற்கள் மட்டும்தான். கூட்டெழுத்தோடு மல்லுக்கட்டாமல் முழுச் சொல்லையே படமாக வைத்துவிட்டேன். அப்புறம் வாசலில் 32×16 புள்ளிகள் கொண்ட பி10 (புள்ளிக்குப் புள்ளி 10 மி.மீ.) எல்இடி பலகை வைத்தார்கள். ஒற்றை நிறப் பலகை, அதற்கு அந்தக் கைத்திருத்தத் தொகுப்பையே ஏற்றினேன்.