ஹட்டனில் மழை, பண்டாரவளையில் வெயில்: சூரியக் கரும்புள்ளி எண்ணியவர்களின் அனுபவங்கள்

ஹட்டனிலிருந்து:

என்னிடம் இருப்பது 60 மில்லிமீட்டர் தொலைநோக்கி. பார்வைத்துண்டுக்குப் பின்னால் வெள்ளை மட்டையைப் பிடித்தால் சூரியன் தேநீர்க் கோப்பையின் வாயளவுக்கு விழும். அதில் தெரியும் கரும்புள்ளிகளைத்தான் எண்ணுகிறேன். உள்ளே கண்ணை வைக்க யாரையும் விடுவதில்லை. பிள்ளைகள் கூடினால் தொலைநோக்கியை விட்டு நகரவும் மாட்டேன்.

2024 மே மாதம் வந்த 3664ஆம் இலக்கக் கரும்புள்ளிக் கூட்டத்தை மறக்கவே முடியாது. பூமியின் விட்டத்தைப் போல ஏறக்குறைய 15 மடங்கு அகலம். நடுவே கருமை, சுற்றிவர சாம்பல் ஓரம், இரண்டும் மட்டையில் தனித்தனியாகத் தெரிந்தன. பக்கத்து வீட்டு அண்ணன் தொலைநோக்கி இல்லாமல், கிரகணக் கண்ணாடியை மட்டும் போட்டுக்கொண்டே பார்த்துவிட்டார். மே 10ஆம் திகதி பூமியைத் தாக்கிய காந்தப்புயலும் அந்தக் கூட்டத்தால்தான்.

அப்புறம் தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டது. பல இடங்களின் எண்ணிக்கைகளைத் தொகுக்கும் பிரசல்ஸ் மையம் ஆகஸ்டுக்கு வெளியிட்ட கரும்புள்ளி எண்ணின் மாதச் சராசரி 200ஐத் தாண்டியது. என் கொப்பியிலோ அந்தப் பக்கங்கள் பெரும்பாலும் வெறுமை. புள்ளிகள் பல ஆண்டுகளாகக் கூடிக் குறையும் சுழற்சியின் உச்சம் நெருங்கும் நேரம் என்பதால் மனம் ஆறவில்லை.

பண்டாரவளையிலிருந்து:

அண்ணா, அந்த மாதங்கள் எங்களிடம் இருக்கின்றன. அந்த மழை உங்கள் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும்; மலையைத் தாண்டி எங்கள் ஊவாவுக்கு வருவது பெரும்பாலும் காற்றுதான். மார்கழியில் நாங்கள் நனைவோம், அப்போது உங்கள் கொப்பி தேவைப்படும்.

ஆனால் இரண்டையும் அப்படியே ஒட்டக்கூடாது. 1848இல் சுவிஸ் வானியலாளர் ருடோல்ஃப் வூல்ஃப் வகுத்த முறைப்படி ஒரு கூட்டத்துக்கு 10, ஒவ்வொரு புள்ளிக்கும் 1. தனிப் புள்ளி ஒன்றே இருந்தாலும் 11. 3 கூட்டம், 14 புள்ளி என்றால் 44. என் தொலைநோக்கி கொஞ்சம் பெரியது, சின்னப் புள்ளிகளும் அகப்படும்; அதே நாளில் எனக்கு 50க்கு மேல் வரலாம். அதற்காகத்தான் வூல்ஃப் ஆளுக்கொரு பெருக்குக் காரணி வைத்தார். இருவருக்கும் வானம் தெளிந்திருந்த நாட்களை மட்டும் முதலில் அனுப்புங்கள், விகிதத்தைக் கணக்கிடுகிறேன்.

மஸ்கெலியாவிலிருந்து:

பாடசாலையில் நாங்கள் எண்ணுவதோடு இடத்தையும் குறிக்கிறோம். 25ஆம் சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கியது, 2024 ஒக்டோபரில் உச்சம் தொட்டது. இறங்குமுகத்தில் புள்ளிகள் சூரியனின் மத்தியகோட்டை நெருங்கித் தோன்றும். அடுத்த சுழற்சியின் முதல் புள்ளிகள் அந்தக் கோட்டிலிருந்து ஏறக்குறைய 30 பாகை தள்ளி, காந்த முனைகள் இடம் மாறி வரும். பழையதும் புதியதும் கொஞ்ச காலம் ஒன்றாகத் தெரியும். ஆகவே கொப்பிகளைச் சேர்க்கும்போது எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வரைபடத்தையும் வையுங்கள்.