வெப்பநிலை முள் திடீரெனச் சரிகிறது: கோளாறு எஞ்சினிலா, வயரிலா?

கேள்வி:
வணக்கம். என் பெட்ரோல் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை முள் நடுவிலிருந்து அடிமட்டத்துக்குச் சரிந்து, சில நொடிகளில் மறுபடியும் நடுவுக்கு வந்துவிடுகிறது. அந்த வேளையில் ரேடியேட்டர் விசிறி முழு வேகத்தில் சுழல்கிறது. மேடுபள்ளமான சாலையில் இது அதிகம். கூலன்ட் அளவு குறையவில்லை. சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட்டை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். அதற்கு முன் எதைச் சோதிக்க வேண்டும்?

பதில் 1:
தெர்மோஸ்டாட்டை இப்போதைக்குத் தொட வேண்டாம். எஞ்சினுக்குள் இருக்கும் சில லிட்டர் கூலன்ட்டும் கனத்த உலோகமும் நொடிப்பொழுதில் குளிர்ந்து, உடனே பழைய சூட்டுக்குத் திரும்ப வழியே இல்லை. திறந்தபடி சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட் முள்ளை மெல்லத்தான் இறக்கும். ஆகவே சந்தேகம் கூலன்ட் வெப்பநிலையை அளக்கும் சென்சாரின் வயரிங் மீதே விழுகிறது.

இந்தச் சென்சாரின் மின்தடை சூடு ஏற ஏறக் குறையும்: பல கார்களில் 20 டிகிரி செல்சியஸில் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 டிகிரியில் ஏறத்தாழ 300 ஓமும் இருக்கும். வயர் விட்டுப்போனால் தடை எல்லையற்றதாகத் தெரிவதால், இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) அதை மைனஸ் 40 டிகிரி என்று படிக்கிறது. அந்த அளவை நம்ப முடியாது என்று உணர்ந்ததும் எஞ்சினைக் காப்பதற்காக விசிறியை ஓட்டிவிடுகிறது. நீங்கள் சொல்லும் அறிகுறி இதோடு அப்படியே பொருந்துகிறது. காரின் கணினியோடு இணைத்துப் பார்க்கும் ஓபிடி ஸ்கேனரில் லைவ் டேட்டாவை (அப்போதைய அளவுகளை) பார்த்துக்கொண்டே, இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, சென்சார் கனெக்டரை மெல்ல அசைத்துப் பாருங்கள். விசிறி எந்த நொடியிலும் சுழலத் தொடங்கலாம் என்பதால் கை அந்தப் பக்கம் போகவே கூடாது.

பதில் 2:
முள் மெதுவாக ஏறி இறங்கி, கூடவே ஹீட்டர் காற்றும் குளிர்ந்து போனால் கதை வேறு. கூலன்ட் குறைந்தோ காற்று புகுந்தோ இருந்தால், சென்சார் முனை திரவத்தில் படாமல் தவறான அளவைக் காட்டும். அப்போது எஞ்சின் உண்மையாகவே கொதித்துக்கொண்டிருந்தாலும் முள் அமைதியாக இருக்கக்கூடும். எனவே எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து அளவை ஒருமுறை உறுதிசெய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. கூலன்ட் நிறைவாகவே இருக்கிறது. ஸ்கேனரில் பி0118 என்ற பிழைக் குறியீடு பதிவாகியிருந்தது. கனெக்டரை அசைத்தவுடன் மைனஸ் 40 வந்தது. கழற்றிப் பார்த்தால் ஒரு பின்னில் பச்சைக் களிம்பு படிந்திருக்கிறது. சென்சாரையும் மாற்ற வேண்டுமா?

பதில் 1:
பி0118 என்பதே சென்சார் சர்க்யூட் எங்கோ விட்டுப்போயிருப்பதைச் சுட்டும் குறியீடுதான். உங்களுடையது இரண்டு வயர் சென்சார் என்றால், கனெக்டரைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் சிறு வயரால் இணைத்துப் பாருங்கள். அளவு உச்சத்துக்குத் தாவினால் அங்கிருந்து இசியு வரை வயரிங் நலம். அடுத்து சென்சாரின் மின்தடையை மல்டிமீட்டரால், குளிர்ந்த நிலையில் ஒருமுறையும் சூடான பிறகு ஒருமுறையும் அளந்து, உங்கள் கார் மாடலுக்கான அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

அளவுகள் சரியாக இருந்தால் கனெக்டரை மட்டும் மாற்றலாம். ஆனால் அந்தக் களிம்பு வெளி ஈரத்தால் வந்ததா, சென்சார் உடல் வழியாகக் கசியும் கூலன்ட்டால் வந்ததா என்பதைக் கவனமாகப் பாருங்கள். கசிவு என்றால் சென்சாரையும் மாற்றியே ஆக வேண்டும். இல்லையேல் புதுக் கனெக்டரும் விரைவில் அரித்துவிடும். மாற்றிய பின் கூலன்ட்டில் புகுந்த காற்றை வெளியேற்றி, பிழைக் குறியீட்டை அழித்துவிடுங்கள். கடைசியாக ஸ்கேனரில் சரிபாருங்கள்: இரவு முழுவதும் நின்ற காரில், எஞ்சினை இயக்குவதற்கு முன் கூலன்ட் வெப்பநிலையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும்.